முழங்கை ஊன்றிய பக்கம்

அனைவருக்கும் வணக்கம்.

ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் மக்கள் எப்படிப் படித்தார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியவர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இன்றைக்குப் படித்தவர்களின் பக்கம் போகிறேன். முதலில், ஷேக்ஸ்பியர் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்பு வாழ்ந்த ஓர் இடையர்.

பெயர் ராபர்ட் வில்லியம்ஸ். குளோஸ்டர்ஷயரில் செயின்ட்பரிக் குன்றில் அடுத்தவருடைய ஆடுகளை மேய்த்தவர். 1546-இல் ஒரு புத்தகம் வாங்கினார். தெரிந்தவர் ஒருவர் ஆக்ஸ்போர்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. விலை 14 பென்ஸ். கூலிக்காரருக்கு அது இரண்டு மூன்று நாள் சம்பளம். உலகில் எந்தெந்தப் பொருளை யார் யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லும் புத்தகம் அது. அதன் வெற்றுத்தாளில் அவர் எழுதி வைத்ததன் சாரம் இது: 'இடையர்கள் பைபிளின் புதிய ஏற்பாட்டைப் படிக்கக் கூடாது என்று தடுத்துவிட்ட நேரத்தில் இதை வாங்கினேன். அந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்தட்டும்.'

அந்தத் தடை நிஜம். 1543-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் வந்த சட்டம் அது. கைத்தொழிலாளிகள், வேலை பழகும் பையன்கள், உழவர்கள், கூலிகள் ஆகியோர் ஆங்கில பைபிளைப் படிக்கக் கூடாது. பெண்களும் கூடாது. உயர்குடிப் பெண்கள் மட்டும் தமக்குள் தனியாகப் படித்துக்கொள்ளலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1538-இல், ஒவ்வொரு கோயிலிலும் ஆங்கில பைபிள் ஒன்றை வைத்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டதும் இதே ஹென்றியின் அரசுதான். வைத்தார்கள், ஜனங்கள் கூடி உரக்கப் படித்து வாதம் செய்ய ஆரம்பித்தார்கள், அரசுக்குப் பயம் வந்துவிட்டது.

செம்ஸ்ஃபோர்டில் வில்லியம் மால்டன் என்று ஒரு பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகள் சிலர் கோயிலின் கடைசிப் பகுதியில் உட்கார்ந்து புதிய ஏற்பாட்டைப் படிப்பார்கள். இவன் போய்க் கேட்பான். அப்பா வந்து இழுத்துக்கொண்டு போவார். இப்படியே நடந்ததும் பையன் ஒரு முடிவுக்கு வந்தான்: அடுத்தவர் படித்துக் கேட்டால்தானே இழுக்கிறார், நானே படிக்கக் கற்றுக்கொள்கிறேன். கற்றுக்கொண்டான். அப்பாவிடம் வேலை பழகிய இன்னொரு பையனோடு காசைச் சேர்த்துப் புதிய ஏற்பாடு ஒன்று வாங்கி, படுக்கை வைக்கோலுக்குள் ஒளித்துவைத்துப் படித்தான். பெரியவனான பிறகு அவனே எழுதிவைத்த கதை இது.

சரி, இந்த மாதிரி ஆட்கள் எத்தனை பேர்? 1640களின் ஆவணங்களைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், பத்து ஆண்களில் ஏறத்தாழ மூன்று பேரால்தான் கையெழுத்துப் போட முடிந்தது என்கிறார்கள். பெண்களில் பத்துக்கு ஒருவர். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தக் காலத்தில் படிப்பு வேறு, எழுத்து வேறு. ஐந்து ஆறு வயதில் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். கைப்பிடி வைத்த சின்னப் பலகையில் அகரவரிசையும் கர்த்தர் ஜெபமும் அச்சடித்த ஒற்றைத் தாளை ஒட்டி, மேலே மாட்டுக் கொம்பை மெலிதாகச் சீவி மூடியிருப்பார்கள். அதுதான் முதல் பாடப் புத்தகம். வாசிப்பு வந்த பிறகுதான் எழுத்து. அந்த வயதில் ஏழை வீட்டுப் பிள்ளை ஏதாவது கூலி வேலைக்குப் போய்விடும். ஆக, கைநாட்டு வைத்தவர்களிலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்று எண்ண வழியில்லை, ஏனென்றால் வாசிப்பது ஆவணங்களில் தடயம் விடுவதில்லை.

வாசிக்கத் தெரிந்ததால் உயிர் தப்பியவர்களும் உண்டு. திட்டமிடாமல் கொலை செய்துவிட்ட ஒருவர், பைபிளில் 51-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை வாசித்துக் காட்டினால், வாசிக்கத் தெரிந்தவர் பாதிரியார் என்ற பழைய கணக்கில் பாதிரியார்களுக்கு உரிய சலுகை கிடைத்துத் தூக்கிலிருந்து தப்பலாம். 'கழுத்து வசனம்' என்றே அதற்குப் பெயர். நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598-இல் ஒரு நடிகரை வாள்சண்டையில் கொன்றுவிட்டு, இப்படித்தான் தப்பினார். கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிட்டார்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்துத் தப்பியவர்கள் எத்தனை பேரோ, அது தனிக் கதை.

வசதியுள்ளவர்கள் எப்படிப் படித்தார்கள்? கையில் பேனாவோடு. நல்ல வரி வந்தால் ஓரத்தில் சுட்டுவிரல் நீட்டிய ஒரு கையை வரைவார்கள், அப்புறம் அந்த வரியைத் தம் குறிப்பேட்டில் தலைப்புவாரியாக எழுதிக்கொள்வார்கள். அச்சகங்களும் இதற்கு உதவின. 1603-இல் வந்த ஹாம்லெட் முதல் பதிப்பில், தந்தை மகனுக்குச் சொல்லும் புத்திமதி வரிகளின் ஓரத்தில் குறிகள் போட்டிருக்கும். எடுத்து எழுதிக்கொள் என்று பொருள். ஆன் கிளிஃபோர்ட் சீமாட்டி இன்னும் ஒரு படி மேலே போனார். பிடித்த வாசகங்களைப் பணிப்பெண்களிடம் தாளில் எழுதச் சொல்லி, சுவரிலும் கட்டில் திரையிலும் ஊசியால் குத்தி வைத்தாராம். 1676-இல் அவர் இறந்தபோது நடந்த இரங்கல் உரையில் இதைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அவரைவிடப் பிடித்தவர் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வாழ்ந்த ஃபிரான்சஸ் உல்ஃப்ரஸ்டன். 1607-இல் பிறந்தவர், பிள்ளை குட்டியோடு கிராமத்துப் பெரிய வீட்டை நடத்தியவர். நாடகம், கவிதை, சிரிப்புக் கதை என்று மலிவாகக் கிடைத்ததை எல்லாம் வாங்கினார். ஒவ்வொன்றிலும் 'ஃபிரான்சஸ் உல்ஃப்ரஸ்டன் அவள் புத்தகம்' என்று எழுதினார். எழுத்துக்கூட்டல் அவருடைய வாய் சொன்னபடி இருக்கும். இப்படிக் கையொப்பமிட்டவை நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. சாகும்முன் உயிலில் புத்தகங்களை ஒரு மகனுக்கு எழுதிவைத்தார், நிபந்தனையோடு: உடன்பிறந்தவர்கள் எப்போது படிக்கக் கேட்டாலும் தர வேண்டும், படித்ததும் அவர்கள் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். புத்தகம் இரவல் கொடுத்து ஏமாந்தவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருப்பீர்கள், இந்த உயிலின் அருமை உங்களுக்குத் தெரியும்.

ஃபிரான்சஸ் பிறப்பதற்குச் சில வருடம் முன்பே ஆக்ஸ்போர்டில் சர் தாமஸ் பாட்லி பெரிய நூலகம் ஒன்றை எழுப்பினார். 1602-இல் திறந்தது. லண்டன் புத்தக வணிகர் சங்கத்தோடு 1610-இல் ஒப்பந்தம் போட்டு, அவர்கள் அச்சிடும் நூல்களில் ஒரு பிரதியை இலவசமாகப் பெறும் உரிமையையும் வாங்கினார். ஆனால் நாடகமும் பஞ்சாங்கமும் வேண்டாம் என்று தன் நூலகருக்குக் கண்டிப்பாக எழுதினார். குப்பை என்பது அவர் கருத்து. நாடகங்களில் நாற்பதில் ஒன்று தேறுவதே கடினம் என்றார். இன்றைக்கு ஷேக்ஸ்பியரின் 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' கவிதை நூலின் 1593 முதல் பதிப்பில் உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரே பிரதி. அது ஃபிரான்சஸ் வைத்திருந்த பிரதி. இருப்பது பாட்லியின் நூலகத்தில்!

பாட்லி 1613-இல் காலமானார். பத்து வருடம் கழித்து, ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களைச் சேர்த்த ஃபோலியோ, அதாவது பெரிய தாளில் அச்சிட்ட தொகுப்பு, அங்கே வந்தது. தோல் அட்டை போட்டு, சங்கிலியில் பிணைத்து வைத்தார்கள். 1660களில் புதிய பதிப்பு வந்ததும், பழையது எதற்கு என்று விற்றுவிட்டார்கள். 1905-இல் ஓர் இளைஞர், தம் வீட்டிலிருந்த பழைய புத்தகத்தின் அட்டையைச் சரிசெய்ய யோசனை கேட்டு அதே நூலகத்துக்கு வந்தார். அட்டையைப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது, தங்கள் பழைய பிரதி! ஓர் அமெரிக்கச் செல்வர் அதற்குப் பெரும் விலை பேச, பொதுமக்களிடம் நிதி திரட்டி 1906-இல் 3,000 பவுண்டுக்கு மீட்டார்கள்.

பழம்புத்தகம் சேர்த்த பணக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு காரியம் செய்தார்கள். அழுக்குப் போகப் பக்கங்களை அலசினார்கள், கிறுக்கல் இருந்த ஓரங்களை வெட்டி, புதுத் தோலில் கட்டினார்கள். கிறுக்காதீர்கள் என்று பலகை மாட்டியிருக்கும் நூலகத்தில் நின்று சொல்கிறேனே என்று கோபிக்காதீர்கள், படித்தவர்கள் விட்டுப்போன ஒரே சுவடு அந்த அழுக்குதான். யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்ததால் இந்த ஃபோலியோ அந்த அலசலுக்குத் தப்பியது.

அதனால் எந்த நாடகத்தை அதிகம் புரட்டினார்கள் என்று தாளைத் தொட்டே சொல்லலாம். மிகவும் தேய்ந்திருப்பது ரோமியோ ஜூலியட். அதிலும் படுமோசமாகத் தேய்ந்தது, இருவரும் காதல் பேசும் பால்கனிக் காட்சி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். அங்கே வந்து படித்த பல்கலைக்கழக இளைஞர்கள்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம் என்கிறார்கள். பெரிய புத்தகம், சங்கிலி வேறு. இந்தப் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டுமானால், முழங்கையை அந்தப் பக்கத்தில்தான் ஊன்ற வேண்டும்.