பத்தாயிரம் ரூபாயில் கேமிங் மானிட்டர்: காசை எங்கே போட வேண்டும்

[காட்சி: திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு]

இந்தக் கோட்டோடு நான் மூன்று மாதம் விளையாடினேன். ஆரம்பத்தில் காலையில் ஆன் செய்யும்போது மட்டும் வரும், கொஞ்சம் சூடானதும் போய்விடும். அப்புறம் ஒருநாள் வந்தது, போகவே இல்லை. வேறு வழியில்லாமல் புதுசு வாங்கக் கிளம்பினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் இருக்கிற ஒரு தம்பியின் மானிட்டரும் போய்விட, இரண்டு பேரும் சேர்ந்தே தேட ஆரம்பித்தோம். அப்போது தெரிந்துகொண்டதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. மானிட்டர் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள், ஒரு லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். கோடு விழுந்திருந்தால் மானிட்டரில் இருக்கிற பட்டனை அழுத்தி அதன் மெனுவைத் திறங்கள். அந்த மெனுவையும் வெட்டிக்கொண்டு கோடு போகிறது என்றால் கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை, பெரும்பாலும் பேனல்தான், அதாவது படம் காட்டுகிற பலகைதான், போயிருக்கும். பேனல் மாற்ற ஆகிற செலவுக்குக் கிட்டத்தட்ட புது மானிட்டரே வந்துவிடும், அதனால் அதை விட்டுவிடலாம். ஆனால் திரை கறுப்பாகிவிட்டது, டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் உள்ளே மங்கலாகப் படம் தெரிகிறது என்றால் போயிருப்பது பின்வெளிச்சம். ஆன் ஆகி ஆகி அணைகிறது என்றால் பவர் போர்டில் ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருக்கலாம். இந்த இரண்டுக்கும் நல்ல ரிப்பேர் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் காசை எடுங்கள். அந்தத் தம்பியின் மானிட்டர் கீழே விழுந்து உடைந்தது, அதற்கு மருந்தே இல்லை.

சரி, புதுசுதான் வாங்க வேண்டும். அந்தத் தம்பி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, 27 இன்ச் கர்வ்டு எடுக்கலாமா?" நான் திருப்பிக் கேட்டேன், "உன் கிராபிக்ஸ் கார்டு என்ன?" ஜிடிஎக்ஸ் 1650 என்றான். இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது இதுதான். மானிட்டர் தானாக எதையும் வரைவதில்லை, கார்டு வரைந்து அனுப்புவதை அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

[திரையில்: 1920 × 1080 = ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் | 2560 × 1440 = ஏறத்தாழ 36.9 லட்சம் புள்ளிகள்]

1080பி, அதாவது மேலிருந்து கீழாக 1080 வரிசைப் புள்ளிகள் இருக்கிற திரையில், மொத்தம் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் கிட்டத்தட்ட 37 லட்சம். அதே கார்டுக்கு ஒவ்வொரு பிரேமிலும், அதாவது ஒவ்வொரு படத்திலும், முக்கால் மடங்குக்கு மேல் கூடுதல் வேலை. தம்பியுடையது மாதிரி 4 ஜிபி மெமரி இருக்கிற ஒரு பழைய கார்டை வைத்துக்கொண்டு 1440பி மானிட்டர் வாங்கினால், வாலரன்ட் மாதிரி லேசான கேம் எப்படியோ ஓடிவிடும். சைபர்பங்க் 2077 மாதிரி கனமானதைப் போட்டால் திணறும், நீங்களே செட்டிங்கில் போய் ரெசல்யூஷனை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைப்பீர்கள், குறைத்தால் படம் கலங்கலாகத் தெரியும். ஆக, கார்டை அடுத்த ஒரு வருடத்துக்குள் மாற்றும் திட்டம் இல்லையென்றால் 1080பி போதும். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன், இதனால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

1080பி என்று முடிவானால் அளவு 24 இன்ச். பெட்டியில் 23.8 என்று இருக்கும், அதுதான். அதே புள்ளிகளை 27 இன்ச்சுக்கு இழுத்தால் ஒரு இன்ச்சுக்கு 92 புள்ளி இருந்த இடத்தில் 82தான் மிஞ்சும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு எழுத்தின் ஓரமெல்லாம் சொரசொரப்பாகத் தெரியும். படிப்பும் அதே திரையில்தான் என்றால் இது தினமும் உறுத்தும்.

இப்போது ஹெர்ட்ஸ். பட்ஜெட்டில் பெரும்பங்கு போக வேண்டிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

[திரையில்: 60 – 16.7 மில்லி செகண்ட் | 144 – 6.9 | 180 – 5.6 | 240 – 4.2]

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு செகண்டுக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது, அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 16.7 மில்லி செகண்ட். 144-க்குப் போனால் அது 6.9 ஆகிறது. கிட்டத்தட்ட பத்து மில்லி செகண்ட் மிச்சம், அதுவும் ஒவ்வொரு படத்துக்கும். மூலையிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்க்கிறான் என்றால் அவன் உங்கள் கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் வருகிறான். அதைவிட முக்கியம், மவுஸை வேகமாகத் திருப்பும்போது படம் தாவித் தாவிப் போகாமல் வழுக்கிக்கொண்டு போகும். இதை ஒருமுறை அனுபவித்தவர்கள் 60-க்குத் திரும்ப மாட்டார்கள். ஆனால் 144-லிருந்து 180-க்குப் போனால் மிச்சமாவது 1.4 மில்லி செகண்ட்தான், 180-லிருந்து 240-க்கும் அதே 1.4தான். எண் பெரிசாகப் பெரிசாகப் பலன் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதனால் 144, 165, 180 இந்த மூன்றில் எது விலை குறைவோ, எதில் பேனல் நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். 240-க்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

"என் கார்டு 144 எப்பிஎஸ் தராதே" என்று சிலர் கேட்பீர்கள், எப்பிஎஸ் என்றால் கார்டு ஒரு செகண்டுக்குத் தருகிற பிரேம்களின் எண்ணிக்கை. வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டிக் கேம்களில் செட்டிங்கை இறக்கி வைத்தால் சாதாரண கார்டே நிறைய பிரேம் தரும். கதை கேம்களில் 50, 60 என்று ஏறி இறங்கும், உண்மைதான். அங்கேதான் ஏஎம்டி கம்பெனியின் ஃப்ரீசிங்க் என்கிற வசதி கைகொடுக்கிறது. கார்டு எப்போது படம் தருகிறதோ அப்போது மானிட்டர் புதுப்பித்துக்கொள்ளும், நடுவில் படம் கிழிந்த மாதிரித் தெரியாது. வேறு கம்பெனியான என்விடியாவின் கார்டு வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டாம், 2019 ஜனவரியிலிருந்து ஜிடிஎக்ஸ் 10 சீரிஸும் அதற்குப் பிந்தைய கார்டுகளும் டிஸ்ப்ளே போர்ட் என்கிற கேபிள் இணைப்பு வழியாக இதை ஏற்றுக்கொள்கின்றன.

பேனலில் ஐபிஎஸ், விஏ என்று வகைகள் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐபிஎஸ் என்று சொல்லிவிடலாம், ஆனால் ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். தம்பி கேட்ட மாதிரி விலை குறைந்த வளைவு (கர்வ்டு) மானிட்டர்கள் பெரும்பாலும் விஏ பேனல். விஏ-வில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், ஆயிரத்துக்கு ஒன்று என்றால் இதில் மூவாயிரத்துக்கு ஒன்று அளவுக்கு வரும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்க அருமை. ஆனால் மலிவு விஏ-வில் இருட்டான நிறங்கள் மெதுவாகத்தான் மாறும், குகைக்குள் ஓடும்போது நிழல்கள் ஈரச் சாயம் மாதிரி இழுபட்டுக்கொண்டே வரும். துப்பாக்கிக் கேம் ஆடுகிறவருக்கு அது பெரிய தொல்லை. தெருத் தம்பிக்கு ஒரு கடையில் அந்த இழுவையை நேரில் காட்டினேன், வளைவின் மேல் இருந்த ஆசை அங்கேயே போய்விட்டது.

பெட்டி மேல் "1 மில்லி செகண்ட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், புள்ளி நிறம் மாற ஆகிற நேரம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். பக்கத்தில் எம்பிஆர்டி என்று சின்னதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது பின்வெளிச்சத்தை வேகமாக அணைத்து ஏற்றுவதால் கிடைக்கிற எண், பேனலின் உண்மையான வேகம் இல்லை. அந்த மோடைப் போட்டால் திரை மங்கும், சில பேருக்குக் கண்ணும் வலிக்கும். மெனுவில் ஓவர்டிரைவ் என்று, புள்ளிகளைச் சீக்கிரம் நிறம் மாற வைக்கிற செட்டிங் ஒன்று இருக்கும், அதை நடுவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் நகர்கிற பொருளுக்குப் பின்னால் வெளிறிய பேய் நிழல் வரும். வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் நன்றாகக் காட்டும் என்று சொல்கிற எச்டிஆர் ஸ்டிக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், 250 நிட்ஸ் வெளிச்சம் இருக்கிற திரையில் அது பெயருக்குத்தான்.

கடைக்குப் போகிறீர்களா, சென்னையில் ரிச்சி தெரு மாதிரி? நல்லது. பெட்டியைப் பிரித்து ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். போனிலோ லேப்டாப்பிலோ வெறும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலப் படங்களை வைத்துக்கொண்டு போங்கள், லேப்டாப்பை இணைத்து ஒவ்வொன்றாக முழுத்திரையில் ஓட்டினால் டெட் பிக்சல், அதாவது வேலை செய்யாத புள்ளி, இருந்தால் தெரிந்துவிடும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். வாரண்டி எத்தனை வருடம், பேனலுக்கும் சேர்த்தா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு டெட் பிக்சல் வந்தால் மாற்றித் தருவார்களா என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும், பல கம்பெனிகள் ஒன்றிரண்டுக்கு மாற்றுவதில்லை. பின்பக்கம் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நாலு ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது, கூட வருகிற ஸ்டாண்டில் உயரம் மாற்ற முடியாது என்றாலும் பிறகு மானிட்டரைத் தாங்குகிற ஒரு கை (ஆர்ம்) தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? வாங்கலாம், அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு. என் பச்சைக் கோடு காலையில் வந்து சூடானதும் மறைந்ததே, அதனால் கடைக்காரர் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிற மானிட்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அணைத்து ஆறவிட்டு மறுபடி ஆன் செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக, மாட்டுவது. கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். முடிந்தவரை டிஸ்ப்ளே போர்ட் கேபிள், ஏனென்றால் பல பட்ஜெட் மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக முழு வேகம் வராது. அந்தத் தம்பி 180 ஹெர்ட்ஸ் வாங்கிப் போன இரண்டாவது வாரம் வந்து, "அண்ணா, ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்றான். அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் விண்டோஸ் இன்னும் 60-லேயே நிற்கிறது.

[திரையில்: செட்டிங்ஸ் – சிஸ்டம் – டிஸ்ப்ளே – அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே]

இந்த இடத்துக்குப் போய் 180-ஐத் தேர்ந்தெடுத்தேன். அவன் மவுஸை எடுத்து வெறும் டெஸ்க்டாப்பிலேயே வட்டம் போட்டான், இன்னொரு வட்டம் போட்டான், அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.