பின் நம்பர் சரியாத்தான் போடுறேன், ரிமோட்டில் உள்ளே விடவில்லையே?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் ஆடிட்டர் ஆபீசில் வேலை. ஆபீஸ் கணினியில் நேரில் உட்கார்ந்து பின் நம்பர் போட்டால் திறக்கிறதாம். வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் (தூரத்திலிருந்து ஆபீஸ் கணினியை இயக்கும் விண்டோஸ் வசதி) அதே நம்பரைப் போட்டால், உங்கள் விவரங்கள் செல்லுபடியாகவில்லை என்று வருகிறதாம். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அந்தச் செய்தி வந்தாலே லைன் சரி, கணினி ஆனில் இருக்கிறது, ரிமோட் வசதியும் திறந்திருக்கிறது. கோளாறு பெயரிலோ பாஸ்வேர்டிலோதான்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பின் அந்தக் கணினிப் பெட்டிக்குச் சொந்தம், பாஸ்வேர்ட் உங்கள் கணக்குக்குச் சொந்தம். எதிரில் உட்கார்ந்து திறக்கத்தான் பின். ரிமோட்டில் பாஸ்வேர்டைத்தான் கேட்கும்.

பாஸ்வேர்ட் போட்டும் போகவில்லையா? மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்து, முதல் நாளிலிருந்தே பின்னிலேயே திறந்திருந்தால், அந்தக் கணினி பாஸ்வேர்டைப் பார்த்ததே இருக்காது. செட்டிங்ஸில் சைன் இன் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஹலோ (பின், முகம், விரல் ரேகையால் திறப்பது) மட்டும் போதும் என்கிற சுவிட்சை அணைத்துவிட்டு, சைன் அவுட் செய்து, ஒரு முறை நேரில் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போங்கள். அப்புறம் வீட்டிலிருந்து பாருங்கள். பின் பெட்டிக்கு, பாஸ்வேர்ட் கணக்குக்கு.

அடுத்தது பெயர். அதே கணக்கில் திறந்த ஆபீஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஹூஆம்ஐ' (whoami) கட்டளையை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். கணினியின் பெயர், ஒரு சாய்கோடு, உங்கள் பெயர் என்று வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால் பெரும்பாலும் மின்னஞ்சலின் முதல் 5 எழுத்துதான் பெயராக நிற்கும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வீட்டில் அடியுங்கள்.

பாகூர் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காரருக்கு இதெல்லாம் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை. அவர் வீட்டு மடிக்கணினியில் பில்லுக்காகத் தமிழ் 99 என்கிற தமிழ் விசைப்பலகை வைத்திருந்தார். பாஸ்வேர்ட் கட்டத்தில் வெறும் புள்ளிதானே தெரியும். பக்கத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பார்த்தால் உள்ளே முழுக்கத் தமிழ் எழுத்து! மனிதருக்கு உயிர் வந்தது. நீங்களும் அந்தக் கண்ணை அழுத்திப் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையது இருக்கும், அழித்துவிடுங்கள். பாஸ்வேர்டே வைக்காத கணக்கை விண்டோஸ் ரிமோட்டில் விடாது. புதிதாகப் போட்ட விண்டோஸ் 11-இல் 10 முறை தப்பாகப் போட்டால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும், பொறுமையாகப் போடுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டிலிருந்து ஆபீசுக்கு எந்த வழியாகப் போகிறீர்கள்? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் மழைக்கு அப்புறம் இந்தப் பக்கம் பல ஆபீஸ்களில் அவசரத்துக்கு ரூட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் வரும் வாசலை, இணையத்துக்குத் திறந்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பாஸ்வேர்டை முயன்று பார்க்கலாம். 2019-இல் வெளிவந்த புளூகீப் என்கிற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டை வழியாக உள்ளே நுழையப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. அதனால் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதை அடைக்கும் பேட்ச் கொடுத்தது. உங்கள் ஆபீசில் ஊர்க்காரர்களின் வருமானக் கணக்கெல்லாம் இருக்கிறது. முதலில் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனிப்பாதை), அதற்குள்ளே ரிமோட். நெட்வொர்க் பார்ப்பவரிடம் நாளைக்கே 3389 வெளியே திறந்திருக்கிறதா என்று கேட்டு, அவர் என்ன சொன்னார் என்று கமெண்டில் எழுதுங்கள்.