தேதிக்கு ஒரு பக்கமா, ஆளுக்கு ஒரு பக்கமா?

(செவிலியர் மாநாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, இந்த மாநாட்டைக் கூட்டிய சங்கப் பொறுப்பாளர்களே, பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் முன்னாள் சுகாதார இயக்குநர் ஐயா அவர்களே, எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த மூத்த சகோதரி அவர்களே, தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏழை நாடுகளின் சிறு மருத்துவ நிலையங்களை நீரிழிவு, ரத்தக்கொதிப்பு போன்ற நாள்பட்ட நோய்களுக்குத் தயார்படுத்துவது எப்படி? மருந்து, கருவி, ஆள் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்பார்கள். நீரிழிவில் அது உவமை இல்லை, உண்மையாகவே கண் கெடுகிறது. 2021-இல் தொற்றா நோய்களால் குறைந்தது 4 கோடியே 30 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 1 கோடியே 80 லட்சம் பேர் 70 வயதைத் தொடாதவர்கள். அவர்களில் 82 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் மக்கள்.

மருந்துக்கு வழி இருக்கிறது. மலிவான சில மாத்திரைகளையும் எளிய கருவிகளையும் வைத்தே தொடக்க நிலையத்தில் என்ன செய்யலாம் என்று 2010-லேயே அந்த நிறுவனம் ஒரு தொகுப்பை வகுத்துக் கொடுத்துவிட்டது. கருவியில் ஒன்று சொல்கிறேன்: பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் ரத்த அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். இரண்டு அளவுப் பட்டையாவது வேண்டும்.

இனி ஆள். மருத்துவர் வாரம் ஒருநாள் மட்டும் வரும் ஒரு நிலையத்தில் பல வருடங்களுக்கு முன் வேலை பார்த்தேன். கையில் வெட்டுக்காயத்தோடு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். கட்டுப் போட்டுவிட்டு அழுத்தம் பார்த்தேன். மேலே 190, கீழே 110. ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன், அதேதான். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே சிஸ்டர்" என்று சிரித்தார். ஒரு மாத மாத்திரை கொடுத்தோம். அடுத்த மாதம் வந்தபோது 150. "அப்ப சரியாயிடுச்சுல்ல?" என்றார். இல்லை, தொடர்ந்து சாப்பிடணும் என்றேன். தலையாட்டினார். அதற்கு அடுத்த மாதம் அவர் வரவில்லை. வரவில்லை என்பதே எனக்குத் தெரியாது! எட்டு மாதம் கழித்துக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. அவர் மனைவி தாளில் மடித்துவைத்திருந்த மாத்திரைப் பட்டையை என்னிடம் நீட்டினார். அதில் நான்கு மீதி இருந்தன.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்று இரவு வெளிநோயாளர் நோட்டைப் புரட்டினேன். தேதிக்கு ஒரு பக்கம். குழந்தைகளின் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நடுவே இரண்டே இடத்தில் அவர் பெயர். வந்தவர்கள் எல்லோரும் அந்த நோட்டில் இருந்தார்கள். வராதவர் ஒருவர்கூட இல்லை.

இன்று வந்து, குணமாகி, போகிறவருக்கான நோட்டு அது. வாழ்நாள் முழுக்க வரவேண்டியவருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டும், அடுத்த வருகைத் தேதியோடு. எய்ட்ஸ் சிகிச்சையில் ஆப்பிரிக்க நாடுகள் இதைச் செய்து காட்டின: ஒவ்வொருவருக்கும் அட்டை, தேதி தவறினால் வீடு தேடிப் போக ஒரு சுகாதாரப் பணியாளர். ருவாண்டாவில் மாவட்ட மருத்துவமனைகளின் நாள்பட்ட நோய்ப் பிரிவுகளைச் செவிலியரே நடத்துகிறார்கள். அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது பென்-பிளஸ், கடுமையான நாள்பட்ட நோய்களுக்கு மாவட்ட மருத்துவமனையிலேயே சிகிச்சை தரும் திட்டம். அதை 2022 ஆகஸ்டில் டோகோ நாட்டின் லோமே நகரில் கூடிய ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் காய்ச்சலால் இதய வால்வு கெடுவது ருமாட்டிக் இதய நோய். அது உள்ள குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. ஊசி விட்டுப்போனதை எந்தத் தேதிப் பக்கம் சொல்லும்?

அவைத்தலைவர் அவர்களே, மாலையில் நிறைவேறவிருக்கும் தீர்மான வரைவில் பதினொரு கோரிக்கைகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பக்கம் கொண்ட இந்த நோட்டு ஒன்பதாவதாக நிற்கிறது. அதை முதலாவதாக்குங்கள். கூடவே ஒரு வரி சேருங்கள்: வாரத்தில் ஒருநாள் காலை, கூட்டம் சேருமுன், வராதவர் பெயர்களைப் படித்து யார் யாரைத் தேடிப் போவது என்று பிரித்துக்கொள்ளும் அரைமணி நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

நன்றி, வணக்கம்.