பெரிய சட்ட நிறுவனத்தில் பார்ட்னர் ஆக எத்தனை வருஷம்?

அடுத்த கேள்வி. அமெரிக்காவில் சட்டம் படிக்கும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பெரிய நிறுவனத்தில் அசோசியேட்டாக, அதாவது சம்பளத்துக்கு வேலை செய்யும் இளநிலை வக்கீலாகச் சேர்ந்தால் பார்ட்னர் ஆக எவ்வளவு காலம் ஆகும்? சிலர் ஏழு வருஷம் என்கிறார்கள், சிலர் பத்துக்கு மேல் என்கிறார்கள்."

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பார்ட்னர் என்ற பெயரில் இப்போது இரண்டு பதவிகள் இருக்கின்றன. ஈக்விட்டி பார்ட்னர் என்றால் நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர். லாபத்தில் பங்கு வரும், கையிலிருந்து முதலும் போட வேண்டும். அதற்கு வங்கியில் கடன் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். இன்னொன்று சம்பள பார்ட்னர். விசிட்டிங் கார்டில் பார்ட்னர் என்று இருக்கும், நிறுவனத்தில் பங்கு இருக்காது. கிர்க்லாண்ட் அண்ட் எல்லிஸ் போன்ற பெரிய அமெரிக்க சட்ட நிறுவனங்களில் இந்தப் பதவி ஆறேழு வருஷத்திலேயே வந்துவிடும். ஈக்விட்டி அதற்குப் பிறகு சில வருஷம் தள்ளித்தான், அதுவும் எல்லோருக்கும் இல்லை.

முன்பு இப்படி இல்லை. நியூயார்க்கில் பால் க்ரவாத் என்ற வக்கீல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறையை உருவாக்கினார். படிப்பு முடித்த கையோடு ஆட்களை எடுப்பது, சில வருஷம் பழக்குவது, தேறியவரை பார்ட்னர் ஆக்குவது, மற்றவர்களை அனுப்பிவிடுவது. மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. அவர் பெயரைத் தாங்கிய அந்த நிறுவனமே 2023இல் சம்பள பார்ட்னர் பதவியைக் கொண்டுவந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த வருஷங்கள் எப்படிப் போகும்? உங்கள் நாளை ஆறு ஆறு நிமிடமாக வெட்டி, எந்த வாடிக்கையாளருக்காகச் செலவழித்தீர்கள் என்று எழுத வேண்டும். ஒரு போன் பேசினால் 0.1 மணி நேரம். இப்படி வருஷத்துக்கு 2000 மணி நேரம் வரை பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள். சாப்பாடு, பயிற்சி, உள்கூட்டம் எதுவும் இந்தக் கணக்கில் ஏறாது. அதனால் அலுவலகத்தில் இருக்கும் நேரம் இதைவிட ரொம்பவே அதிகம்.

இதையெல்லாம் செய்தாலும் கடைசியில் பார்ப்பது வேறு. உங்களை நம்பி வேலை கொடுக்க வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களா? உங்கள் பிரிவில் இன்னொரு பார்ட்னருக்கு வேலை இருக்கிறதா? உங்களுக்காக பார்ட்னர்கள் கூட்டத்தில் வாதாட ஒரு மூத்த பார்ட்னர் இருக்கிறாரா? மிகத் திறமையான ஆட்கள் பலர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் நிற்கிறார்கள், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லாமல். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

அதனால் வேலையில் சேரும்முன் வருஷக் கணக்கோடு இதையும் கேளுங்கள்: "இந்தப் பிரிவிலிருந்து சமீபத்தில் யார் யார் ஈக்விட்டி பார்ட்னர் ஆனார்கள், சேர்ந்து எத்தனையாவது வருஷத்தில்?" பெரும்பாலான நிறுவனங்கள் புதிய பார்ட்னர்களின் பெயரை வருஷாவருஷம் வெளியிடுகின்றன, நீங்களே சரிபார்க்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் யார் ஈக்விட்டி, யார் சம்பளம் என்று பெரும்பாலும் பிரித்துப் போட மாட்டார்கள். அதை அங்கே வேலை செய்கிறவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.