மகளை ஜெர்மனிக்கு அனுப்பலாமா? உசிலம்பட்டி அப்பாவுக்குப் பதில்

உசிலம்பட்டியில இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கார். "ஐயா, மக பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிருக்கு, ஜெர்மனி போகணும்ங்குது. எல்லாரும் போயிட்டா நம்ம சனத்தை யாரு பாக்குறது? தடுக்கவா?" ரெண்டு நாளா இதே நினைப்புதான் எனக்கு.

தடுக்காதீங்க. நான் எப்பவும் சொல்றதுதான், போற பிள்ளையைக் கேள்வி கேக்காதீங்க, இருக்கிற பிள்ளைக்கு என்ன குடுக்கிறோம்னு கேளுங்க.

எங்கம்மா மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கிடந்தாங்க. ராத்திரி பதினெட்டு பெட்டுக்கு ஒரே சிஸ்டர். மூணு மணிக்கு டிரிப்ஸ் ஊசி நழுவி அம்மா கை வீங்கிருச்சு. அந்தப் பொண்ணு ஓடி வந்து ஊசியை எடுத்து, கையைத் தலகாணி மேல தூக்கி வச்சுட்டு, "அம்மா, இந்தக் கையைக் குடுங்கம்மா"ன்னு கெஞ்சுது. அதுக்குள்ள அடுத்த பெட்ல கூப்பிடுறாங்க. சம்பளம் பத்தாயிரம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை ஆஸ்பத்திரியே வாங்கி வச்சிருந்துச்சு. இப்ப அந்தப் பொண்ணு குவைத்துல. தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க.

அரசு வேலை மட்டும் என்ன? 2015-ல எம்.ஆர்.பி. (தமிழ்நாடு அரசோட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) பரீட்சை எழுதி ஒப்பந்தத்துல சேந்தவங்களுக்கு மாசம் 7,700 ரூபாய். நிரந்தரத்துக்கு வருஷக்கணக்கா காத்துக் கிடந்தாங்க.

வெளிநாட்டுக்காரங்க மேலயும் தப்பு இருக்கு. நாம படிக்க வச்ச பிள்ளையை அவங்க செலவில்லாம எடுத்துக்கிறாங்க. ஆள் பத்தாத ஏழை நாடுகள்ல போய் ஆள் எடுக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2010-லயே நெறிமுறை போட்டுச்சு. ஆனா கட்டாயம் இல்லையே!

அப்பாவுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். ஜெர்மன் மொழியை பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாப் பேசுற அளவு வரைக்கும் நல்லாப் படிக்கட்டும். ஏஜென்ட் லட்சக்கணக்குல கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கணும். 2014-ல ஈராக்குல, திக்ரித் நகரத்துல நம்ம நாட்டு நர்ஸுங்க 46 பேர் சண்டைக்கு நடுவுல மாட்டினாங்களே, அதுல பல பேர் கடன் வாங்கிப் போன பிள்ளைங்க. சென்னையில தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கு, முதல்ல அங்க விசாரிங்க.

என்னைக் கேட்டா, நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பொது வார்டுன்னா மூணு பெட்டுக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரின்னா அஞ்சுக்கு ஒருத்தர்னு இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வச்சிருக்கு. எங்கம்மா வார்டுல பதினெட்டுக்கு ஒண்ணு. உங்க ஊர் ஆஸ்பத்திரியில ராத்திரி எத்தனை பெட்டுக்கு ஒரு சிஸ்டர்னு எண்ணிப் பாத்து எழுதுங்க. அடுத்த வாரம் அதைப் பத்தியே பேசுறேன்.