முகாமில் இருப்பவர்கள் யார்?

[காட்சி: தனுஷ்கோடிக் கடல், தூரத்தில் ஒரு மணல் திட்டு]

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு, அங்கே உயிருக்குப் பயந்த தமிழர்கள் படகேறி இந்தக் கரைக்கு வந்தார்கள். தமிழ்நாட்டு அகதிகள் முகாம்களில் இருப்பவர்கள் இவர்களும் இவர்கள் பிள்ளைகளும்தான். "முறையாக பாஸ்போர்ட், விசா எடுத்து வந்திருக்கலாமே?" என்று இன்றும் கேட்கிறார்கள். வீடு எரியும்போது வரிசையில் நின்று விசா வாங்க முடியுமா? அனுமதியில்லாமல் நுழைந்தார் என்பதற்காகத் தப்பி வந்தவரைத் தண்டிக்கக் கூடாது என்பது 1951 ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று இங்கே தனிச் சட்டமும் கிடையாது.

[காட்சி: முகாம் தெரு, சைக்கிளில் தொங்கும் பெயிண்ட் டப்பா]

"அரசு காசில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்." சரி, கணக்குப் போடுவோம். 2021இல் உயர்த்திய பிறகு மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 3,500. கூடவே ரேஷன் அரிசி. இதை வைத்து யார் சும்மா உட்கார முடியும்? உங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர் முகாம்காரராகக்கூட இருந்திருப்பார், நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

"பிள்ளைகள் இங்கேதானே பிறந்தார்கள், குடியுரிமை கிடைத்திருக்குமே?" இங்கேதான் சிக்கல். 1987 ஜூன் 30 இரவு மண்டபம் முகாமில் பிறந்த குழந்தை சட்டப்படி இந்தியக் குடிமகன். விடிந்தபின் பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தைக்கு அது கிடையாது. தாயோ தந்தையோ இந்தியராக இருந்தால்தான் உண்டு. 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் தந்த சலுகையோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது; இலங்கை அதில் இல்லை.

[காட்சி: தேயிலைத் தோட்டம், பழைய புகைப்படம்]

எனக்கு மிகவும் உறுத்துவது "அவர்கள் வெளிநாட்டவர்கள்தானே" என்ற பேச்சு. முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையில் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகள். 1948இல் இலங்கை அவர்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அது முழுதாக நடந்து முடியுமுன் கலவரம் வந்தது. கையில் காகிதம் இல்லாமல் படகேறி வந்தவர்களை, பாட்டன் பிறந்த மண்ணிலேயே வெளிநாட்டவர் என்று பதிவு செய்தார்கள்.

[காட்சி: முகாம் வாசல், பெயர்ப் பலகை]

2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. ஆனால் கொள்ளுத் தாத்தாவின் ஊர் பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம்தான் என்றாலும், அங்கே போய் நாலு நாள் தங்க முகாமில் இருப்பவர் அனுமதி கேட்க வேண்டும்.