கரண்டு டவர் பக்கத்துல வீடு: நீங்க பயப்படுறது ஒன்னு, ஆள அடிக்கிறது வேற ஒன்னு!

[திரையில்: இரவு. புல்வெளி. மேலே மின்கம்பிகள். தரையில் வரிசையாக டியூப் லைட்டுகள் எரிகின்றன.]

சுவிட்சு இல்ல, வாயர் இல்ல, பேட்டரி இல்ல. ஆனா லைட்டு எரியுது!

கிராஃபிக்ஸ் இல்லங்க. 2004-ல இங்கிலாந்துல, பிரிஸ்டல் பக்கத்துல, ரிச்சர்ட் பாக்ஸ்ங்கிற கலைஞர் ஹை வோல்டேஜ் லைனுக்குக் கீழ 1301 டியூப்பை மண்ணுல நட்டு வச்சாரு. பொழுது சாஞ்சதும் அத்தனையும் மினுங்க ஆரம்பிச்சிருச்சு. கம்பிக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற மின்புலம் டியூப்புக்குள்ள இருக்கிற வாயுவைத் தூண்டி விடுது, அவ்ளோதான். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, ஆளு கிட்டப் போனா அந்த டியூப் மங்கிடும். ஏன்னா மின்புலத்துக்குத் தரைக்கு இறங்க டியூப்பை விட நம்ம உடம்பு சுலபமான வழி. (தயவுசெஞ்சு இதைச் செஞ்சு பாக்காதீங்க. நீளமான எதையும் லைனுக்குக் கீழ தூக்கக் கூடாது. ஏன்னு பின்னால சொல்றேன்.)

இதைப் பார்த்ததும் என்ன தோணும்? "ஐயோ, எங்க தாமான் (குடியிருப்பு) பின்னாடியே டவர் போகுதே, புள்ளைங்க அங்கதானே தூங்குது?" நம்ம மலேசியாவுல பூச்சோங் பக்கம், சுங்கை பூலோ பக்கம் இருக்கிறவங்க நிறைய பேரு கேக்கிற கேள்வி இது.

[திரையில்: நெடுஞ்சாலையோரம் டவர்கள், கீழே செடி நர்சரி.]

பின்னணியைச் சட்டுனு சொல்லிடுறேன், தூங்கிடாதீங்க லா. தீபகற்ப மலேசியாவுல பெரிய லைன் 132, 275, 500 கிலோவோல்ட். கீழ காலியா விட்டிருக்கிற பாதைக்குப் பேரு ரெந்திஸ். முடிஞ்சது.

லைன்ல இருந்து வர்றது ரெண்டு. ஒன்னு மின்புலம்: சுவரு, கூரை, மரம் எல்லாமே இதைப் பெருமளவு மறைச்சிரும். அந்த டியூப்பை உங்க ஹால்ல வச்சா எரியாது. இன்னொன்னு காந்தப்புலம்: இது சுவருக்குள்ள நுழைஞ்சு வரும். ஆனா தூரம் கூடக் கூட விறுவிறுன்னு குறையும். சத்தே சுடுறவர் பக்கத்துல நின்னா மூஞ்சி எரியும், நாலு மேசை தள்ளி உக்காந்தா வாசம் மட்டும்தான் வரும் பாருங்க, அந்தக் கதைதான்.

இப்ப நம்பர். பொதுமக்களுக்கு ICNIRP-னு சொல்ற... சரி, தமிழ்லயே சொல்றேன், அயனியாக்காத கதிர்வீச்சுக்கான சர்வதேசக் குழு 2010-ல வச்ச வரம்பு 200 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கிற அலகு). நேரா லைனுக்குக் கீழ நின்னாலே 20 வரைக்கும் போகலாம்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. 50-லிருந்து 100 மீட்டர் தள்ளிப் போனா, லைனே இல்லாத இடத்துல இருக்கிற அளவுதான். ஹேர் டிரையர்? 3 சென்டிமீட்டர்ல 6-லிருந்து 2000 வரைக்கும்! தலைய ஒட்டிப் பிடிச்சுக்கிட்டே டவரைத் திட்டுறோம். ஆனா நியாயமா பேசணும்: டிரையர் அஞ்சு நிமிஷம், டவர் ராத்திரி பகலா.

அதனாலதான் அந்த 2பி விவகாரம். 2002-ல உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த வகை காந்தப்புலத்தை "புற்றுநோய் வர வைக்கலாம்"ங்கிற 2பி பட்டியல்ல போட்டுச்சு. வீட்டுல சராசரியா 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல இருந்த குழந்தைகள்கிட்ட ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய ரெண்டு மடங்கா தெரிஞ்சதுதான் காரணம். காந்தப்புலம்தான் அதுக்குக் காரணம்னு இன்னும் நிரூபிக்கப்படல. அதே 2பி-ல யாரெல்லாம் கூட இருக்காங்க தெரியுமா? முழுக் கத்தாழை இலைச் சாறு! சீனா, கொரியா பாணி காய்கறி ஊறுகாய்! (அம்மா போட்ட மாங்கா ஊறுகாய் தப்பிச்சது.) நம்ம கோப்பியே 1991-ல உள்ள போய், 2016-லதான் வெளிய வந்துச்சு. இந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு பலமா இருக்குன்னுதான் சொல்லுது, ஆபத்து எவ்வளவு பெருசுன்னு இல்ல. வாட்ஸ்அப்ல "2பி"னு சிவப்பு எழுத்துல அனுப்புற அங்கிளுக்கு இந்த வீடியோவ அனுப்பி வைங்க.

மழை நேரத்துல "ஸ்ஸ்ஸ்"னு சத்தம்? ஈரக் காத்துல கம்பியச் சுத்தி நடக்கிற சின்ன மின்கசிவு. சாதாரணம். தகரக் கூரை, இரும்பு கேட்டுத் தொட்டா சுருக்குங்குதா? லைசென்ஸ் உள்ள வயர்மேனக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்க.

[திரையில்: கருப்புத் திரை. இசை நிற்கிறது.]

இப்ப நிஜமா ஆள அடிக்கிற விஷயம். 2022 ஏப்ரல் 27, தஞ்சாவூர் பக்கம் களிமேடு. அப்பர் சதய விழாத் தேரு, மேல போன மின்கம்பியில உரசுச்சு. 11 பேரு போய்ட்டாங்க. நம்ம ஊருலயும் தைப்பூசம், தீமிதின்னு எத்தனை ரதம் ரோட்டுல போகுது. பினாங்குல ரத ஊர்வலம் பாத்தவங்களுக்கு உயரம் எவ்வளவுன்னு தெரியும். புது அலங்காரம் வைக்கிறப்ப, வழியில கம்பி எந்த உயரத்துல போகுதுன்னு யாராவது ஒருத்தர் முன்கூட்டியே பாக்கணும். கமிட்டில இருக்கிற அண்ணன்மாரே, உங்களத்தான்.

ஹை வோல்டேஜ்ல தொடணும்னு கூட இல்ல. போதுமான அளவு கிட்ட வந்தாலே கரண்டு காத்துல தாவும். அலுமினிய ஏணி, ரம்புத்தான் பறிக்கிற நீளக் கம்பு, கிரேன் லாரி, பட்டத்து நூலு, எல்லாமே ஆபத்துதான். பட்டம் டவர்ல மாட்டிக்கிச்சா? விட்டுருங்க. நாலு ரிங்கிட்டு பட்டம்தானே.

கம்பி அறுந்து தரையில கிடந்தா, அது செத்த கம்பின்னு நினைக்காதீங்க. சுத்தி இருக்கிற மண்ணே கரண்டோட இருக்கும். ஒரு கால் ஒரு வோல்டேஜ்ல, இன்னொரு கால் வேற வோல்டேஜ்ல நின்னா, கரண்டு உங்க வழியா ஓடும். அதனால எட்டி நடக்காதீங்க, ஓடாதீங்க. ரெண்டு காலையும் ஒட்டி வச்சு, தரையை விட்டுத் தூக்காம நகத்தி நகத்தி விலகுங்க. கார் மேல விழுந்தா காருக்குள்ளயே இருங்க. வண்டி தீப்பிடிச்சா மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்துல தொடாம, ரெண்டு காலையும் சேத்து வெளிய குதிக்கணும். அப்புறம் 999. மின்சார நிறுவனம் தெனாகாவுக்கு 15454.

ரெந்திஸ் ஓரமா வீடு வாங்கப் போறவங்க, தாமான் பேரையும் டவருக்கு எத்தனை அடி தூரம்னும் கமெண்ட்ல போடுங்க. மீட்டர் கடன் வாங்கிட்டு நேர்ல வந்து அளந்து காட்டுறேன். சாப்பாடு மட்டும் நீங்க போடணும்.